தீயை விலக்கியதால் வந்த ஆபத்து: ராட்சத செக்கோயா தோப்புகளும் அவற்றைக் காக்கும் முறையும்

ராட்சத செக்கோயா மரம் உலகத்தில் தானாக முளைத்து வளர்வது ஒரே ஒரு மலைச்சரிவில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைத்தொடர்; அதிலும் மேற்குப் பக்கம் மட்டும். வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்துக்கு, 25 கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில், ஒரு நாடாவைப் போல அதன் வாழிடம் கிடக்கிறது. அந்த நாடாவுக்குள்ளும் காடு தொடர்ச்சியாக இல்லை. திட்டுத்திட்டாகச் சிதறியிருக்கிறது. ஒரு திட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை ஆளுக்கு ஒரு விதமாக வரையறுப்பதால், தோப்புகளின் எண்ணிக்கையை ஒருவர் 65 என்பார், இன்னொருவர் 80 என்பார். எல்லாவற்றையும் சேர்த்தாலும் பரப்பு ஏறத்தாழ 28,000 ஏக்கர்தான்.

தோப்பு என்றதும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு போல யாரோ நட்டு வளர்த்தது என்று தோன்றும். இவற்றை யாரும் நடவில்லை. ஒரே இன மரம் மட்டும் நிற்கும் இடமும் அல்ல. வெள்ளை ஃபர், சுகர் பைன், இன்சென்ஸ் சீடர் ஆகிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த கலப்புக் காட்டின் நடுவே செக்கோயாக்கள் கூட்டமாக நிற்கும் பகுதியைத்தான் இந்தப் பெயரால் சொல்கிறார்கள். கடலோரப் பனிமூட்டத்தில் வளரும் ரெட்வுட் மரத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இதன் உறவு மரம். உயரத்தில் அதற்கு ஈடு கிடையாது. பருமனில் செக்கோயாதான் முதல். செக்கோயா தேசியப் பூங்காவில் உள்ள ஜெனரல் ஷெர்மன் மரம் 83.8 மீட்டர் உயரம், தரையில் சுற்றளவு 31 மீட்டருக்கு மேல், அடிமரத்தின் கன அளவு ஏறத்தாழ 1,487 கன மீட்டர். உலகில் உயிரோடு நிற்கும் ஒற்றைத் தண்டு மரங்களில் இதைவிடப் பெரியது இல்லை. வெட்டப்பட்ட ஒரு மரத்தின் வளையங்களை எண்ணியபோது 3,266 ஆண்டுகள் கணக்கு வந்தது.

இந்த இடம் மட்டும் ஏன் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. தோப்புகள் பெரும்பாலும் 1,400 முதல் 2,150 மீட்டர் உயரத்தில் உள்ளன. குளிர்காலத்தில் அங்கே கனத்த பனி விழும். கோடையில் மழை அநேகமாக இல்லை. பெரிய செக்கோயா ஒன்று கோடை நாளில் 2,000 முதல் 3,000 லிட்டர் வரை நீர் உறிஞ்சும். உருகும் பனி மண்ணுக்குள் இறங்கி, ஆகஸ்ட், செப்டம்பர் வரை வேருக்கு எட்டும்படி தேங்கும் இடத்தில்தான் அது நிலைக்கும். கிரானைட் பாறை சிதைந்து உண்டான ஆழமான மணற்பாங்கு மண், ஓடைக்கரை, புல்வெளி ஓரம் போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். பக்கத்திலேயே வறண்ட முகடு இருந்தால் அங்கே ஒரு கன்றுகூட இருக்காது. வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழம் போகாமல் முப்பது மீட்டருக்கும் அப்பால் பக்கவாட்டில் படர்கின்றன. அதனால் மேல்மண்ணின் ஈரம் இதற்கு உயிர்நாடி.

கிங்ஸ் ஆற்றுக்கு வடக்கே எட்டுத் தோப்புகள் மட்டுமே உள்ளன. ஒன்றுக்கொன்று வெகு தூரம். வடகோடியில் உள்ள பிளேசர் கவுண்டித் தோப்பில் நிற்பவை ஆறே மரங்கள். அதற்கும் அடுத்த தோப்பான வடக்கு காலவெராஸுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வெற்றிடம். பிறகு தெற்கு காலவெராஸ். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் டுவாலமி, மெர்செட், மாரிபோசா. அதற்கும் தெற்கே நெல்டர், மெக்கின்லி. கிங்ஸ் ஆற்றைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. கவீயா ஆறு, டூலி ஆறு ஆகியவற்றின் மேல்நிலங்களில் தோப்புகள் நெருங்கி வருகின்றன. பரப்பில் மிகப் பெரியதான ரெட்வுட் மவுன்டன் தோப்பும், ஷெர்மன் மரம் நிற்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்டும் இந்தத் தென்பகுதியில்தான் உள்ளன. தென்கோடியில் டீர் க்ரீக் தோப்பு.

கோடரிக்கு எதிரான காவல்

1852-இல் அகஸ்டஸ் டவுட் என்ற வேட்டைக்காரர் காலவெராஸ் தோப்பைக் கண்டு வெளியே சொன்னார். இந்த மரங்களைப் பழங்குடி மக்கள் காலங்காலமாக அறிந்திருந்தார்கள். வெளியுலகத்துக்குத்தான் புதுச் செய்தி. அடுத்த ஆண்டே அங்கிருந்த பெரிய மரம் ஒன்றை வீழ்த்தினார்கள். அவ்வளவு பருமனை அறுக்கும் ரம்பம் இல்லாததால், துளைப்பான் கொண்டு துளை துளையாக இட்டு, மூன்று வாரத்துக்கும் மேல் உழைத்துச் சாய்த்தார்கள். 1854-இல் ‘காட்டின் தாய்’ என்று பெயரிடப்பட்ட இன்னொரு மரத்தின் பட்டையை உரித்து நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சிக்கு வைத்தார்கள். பட்டை இழந்த மரம் செத்துப்போனது.

வெட்டு வியாபாரமாக மாறியது 1880-களுக்குப் பிறகு. கான்வர்ஸ் பேசின் தோப்பில் பெரிய மரங்களை அநேகமாக முழுமையாகத் தீர்த்துவிட்டார்கள். பூல் மரம் ஒன்றுதான் பெயர் சொல்ல நிற்கிறது. அங்கிருந்து சாங்கர் ஊருக்கு 87 கிலோமீட்டர் நீளத்தில் மரக்கால்வாய் கட்டி, தண்ணீரில் பலகைகளை மிதக்கவிட்டு இறக்கினார்கள். இதில் மனதை வாட்டுவது, அத்தனை உழைப்பும் பெரும்பாலும் வீணானது என்பதுதான். முதிர்ந்த செக்கோயா கட்டை மொறுமொறுவென உடையும் தன்மை கொண்டது. கிளைகளைப் பரப்பி மெத்தை போட்டு அதன் மேல் சாய்த்தாலும், விழுந்த வேகத்தில் அடிமரம் சிதறியது. மிஞ்சிய கட்டை உளுத்துப்போகாது என்பதால் திராட்சைத் தோட்டக் கம்பங்களாகவும் கூரை ஓடுகளாகவும் போனது. இயற்கைத் தோப்புப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வெட்டுக்கு உள்ளானது.

சட்டக் காவல் மெல்ல மெல்ல வந்தது. 1864 ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிபோசா தோப்பையும் மக்கள் பயன்பாட்டுக்கென ஒதுக்கி மாநிலத்திடம் கொடுத்தது. அமெரிக்க மத்திய அரசு இயற்கை நிலத்தைக் காப்பதற்காக ஒதுக்கியது அதுவே முதல் முறை. 1890 செப்டம்பர் 25 அன்று செக்கோயா தேசியப் பூங்கா பிறந்தது. சில நாளில் ஜெனரல் கிராண்ட், யோசெமிட்டி பூங்காக்கள். அப்போது பூங்காக்களுக்கென்று தனித் துறை கிடையாது. 1914 வரை கோடைதோறும் குதிரைப்படைதான் காவல் காத்தது. 1903-இல் பொறுப்பில் இருந்த கறுப்பினப் படைத்தலைவர் சார்ல்ஸ் யங் தன் வீரர்களைக் கொண்டு ஜயன்ட் ஃபாரஸ்ட் வரை சாலையை முடித்தார். 1940-இல் கிங்ஸ் கேன்யன் பூங்கா உருவானபோது ரெட்வுட் மவுன்டன் அதற்குள் வந்தது. 2000 ஏப்ரல் 15 அன்று கிளின்டன் அறிவித்த ‘ஜயன்ட் செக்கோயா தேசிய நினைவிடம்’ ஏறத்தாழ 3,28,000 ஏக்கரில் 33 தோப்புகளை மரவெட்டு வணிகத்திலிருந்து விலக்கியது.

இன்று நிலம் யார் கையில் என்று பார்த்தால், பெரும்பகுதி தேசியப் பூங்கா துறையிடமும் வனத்துறையிடமும் இருக்கிறது. காலவெராஸ் தோப்புகள் மாநிலப் பூங்கா. மவுன்டன் ஹோம், மாநில அரசின் காடு. பிளாக் மவுன்டன் தோப்பின் ஒரு பகுதி டூலி ஆற்றுப் பழங்குடியினரின் நிலத்தில் உள்ளது. விட்டுப்போன தனியார் தோப்புகளில் பெரியதாக இருந்தது ஆல்டர் க்ரீக், 530 ஏக்கர். அதை ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ என்ற அமைப்பு நன்கொடை திரட்டி, 2019 முடிவில் 1 கோடியே 56 லட்சம் டாலருக்கு வாங்கியது. உலகின் ஐந்தாவது பெரிய மரமான ஸ்டாக் மரம் அங்கேதான் நிற்கிறது. பத்திரம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2020 ஆகஸ்டில் மூண்ட, ‘காசில்’ எனப் பெயரிடப்பட்ட காட்டுத்தீ அந்தத் தோப்புக்குள்ளும் புகுந்து பல நூறாண்டு மரங்களைக் கொன்றது. ஸ்டாக் மரம் பிழைத்தது.

செக்கோயா காவலின் இன்றைய சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. கோடரியைச் சட்டம் நிறுத்தியது. அதே காவல்தான், நல்ல எண்ணத்தோடு, நூறு வருடம் எல்லாத் தீயையும் அணைத்து, தோப்புக்குள் விறகை அடுக்கிவைத்தது.

தீ வேண்டும் மரம்

செக்கோயா காய் கோழிமுட்டை அளவு இருக்கும். ஒரு காயில் ஏறத்தாழ 200 விதை. விதை ஒவ்வொன்றும் ஓட்ஸ் செதில் போல மெலிந்து, இருபுறமும் சிறகோடு, 4-5 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். ஒரு கிராமுக்கு 200 நிற்கும். காய் முற்றினாலும் விழுவதில்லை. பச்சையாகவே கிளையில் இருபது ஆண்டு வரை தொங்கும். அணில் கடித்தால் கொஞ்சம், வண்டு துளைத்தால் கொஞ்சம் என விதை உதிரும். ஆனால் பெரிய அளவில் அது உதிர்வது தீக்குப் பிறகுதான். தரையில் எரியும் தீயின் சூடான காற்று உச்சிக்கு ஏறிக் காய்களை உலர்த்துகிறது, செதில்கள் விரிகின்றன, அடுத்த சில நாள்களில் விதை மழையாகக் கொட்டுகிறது.

கீழே அதற்கான பாத்தியும் தயாராக இருக்கிறது. சருகும் மட்கும் எரிந்து மண் வெளியே தெரியும், சாம்பல் மிருதுவாக இருக்கும், நிழல் தந்த சிறு மரங்கள் போயிருக்கும். இந்த மூன்றும் கூடாமல் கன்று தேறாது. சருகு மெத்தையின் மேல் விழுந்த விதை முளைக்கலாம். ஆனால் நூல் போன்ற அதன் வேர் மண்ணைத் தொடும் முன்பே கோடை வந்துவிடும். மெத்தை காயும், கன்றும் காயும். தீயை அடக்கிய தோப்புகளில் பல பத்தாண்டுகளாகப் புதிய கன்றே இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

பெரிய மரம் தீயைத் தாங்கும் விதமும் அருமையானது. அடிப்பட்டை 60 சென்டிமீட்டர் வரை தடிக்கும். தேங்காய் மட்டை போல நார்நாராக, காற்றை அடைத்துக்கொண்டு, பிசின் அநேகமாக இல்லாமல் இருக்கும். தாழ்ந்த கிளைகள் உதிர்ந்துபோய், தழை தரையிலிருந்து வெகு உயரத்தில் தொடங்கும். முழங்கால் உயரத் தீ அதை ஒன்றும் செய்யாது. பழைய அடிமரங்களில் உள்ள தீத்தழும்புகளை வளையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரே தோப்பில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் 30-35 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ நடந்திருப்பது தெரிகிறது. மின்னலால் மூண்டவையும் உண்டு, பழங்குடி மக்கள் தாங்களாக வைத்தவையும் உண்டு.

அந்தத் தீ நின்றதும் என்ன ஆயிற்று? வெள்ளை ஃபர் கன்றுகள் நிழலிலும் வளரும். அவை செக்கோயாவின் காலடியில் முளைத்து, வேலி அடைத்தது போல நெருங்கி, இருபது முப்பது மீட்டர் உயர்ந்தன. தரைத்தீ இவற்றில் தொற்றினால் படிப்படியாக ஏறி செக்கோயாவின் தழைக்கே போய்விடும். இதை ‘ஏணி எரிபொருள்’ என்கிறார்கள், பொருத்தமான பெயர். 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் இந்த ஃபர்களும் பைன்களும் பெருமளவில் செத்து, நின்றபடியே காய்ந்த விறகாயின. வெப்பம் கூடிய காலநிலை மீதியைச் செய்தது.

கணக்கு பயங்கரமானது. முந்தைய ஒரு நூற்றாண்டில் தோப்புப் பரப்பில் கால் பங்குதான் எரிந்திருந்தது. 2015-க்கும் 2021-க்கும் இடையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஏதோ ஒரு வேகத்தில் எரிந்தது. 2020-இன் காசில் தீ ஒன்றே 7,500 முதல் 10,600 பெரிய செக்கோயாக்களைக் கொன்றதாக மதிப்பிட்டார்கள். பெரிய மரம் என்பது 1.2 மீட்டர் விட்டத்துக்கு மேற்பட்டது. 2021-இல் ‘கேஎன்பி’ கூட்டுத்தீ (ஒன்றுக்கு மேற்பட்ட தீ சேர்ந்தது), ‘விண்டி’ தீ ஆகியவற்றில் மேலும் 2,261 முதல் 3,637. இரண்டே ஆண்டில், உலகில் உள்ள பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை போய்விட்டது.

தழையில் பத்தில் ஒன்பது பங்கு கருகினாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய மரம் இது. அப்படிப்பட்டது சாகிறது என்றால் உச்சிவரை மொத்தமாக எரிந்திருக்கிறது என்று பொருள். அப்போது காய்களும் எரிந்துவிடும். விதைக் கிடங்கும் தாய் மரமும் ஒரே நாளில் போவதால், அந்த இடம் புதர்க்காடாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

தோப்புக்குள் செய்யும் வேலை

முதல் வேலை பெரிய மரத்தின் காலடியில். நூறு ஆண்டுச் சருகும் பட்டைத்தூளும் அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக்கூடக் கிடக்கும். அதில் தீப்பிடித்தால் சுவாலை எழாது. உமி மூட்டம் போல நாள்கணக்கில் கனன்று, மேல்வேர்களையும் பட்டைக்குள் இருக்கும் உயிர்த்திசுவையும் வேகவைத்துவிடும். பார்ப்பதற்கு மெல்லிய தீ, செய்வதோ பெரிய தீங்கு. ஆகவே எரிப்புக்கு முன்பே, அடிமரத்தைச் சுற்றிச் சில அடி அகலத்துக்கு வாரியால் வாரி வெளியே தள்ளுகிறார்கள். அடிமரத்தில் பழைய தீப்பொந்து இருந்தால் அதற்குள் கிடக்கும் சுள்ளியையும் காயையும் அள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொந்து புகைபோக்கி ஆகிவிடும்.

அடுத்தது ஏணியை அறுப்பது. சிறிய, நடுத்தர ஃபர்களை வெட்டுகிறார்கள். எத்தனை விட்டம் வரை வெட்டலாம் என்ற வரம்பு தோப்புக்குத் தோப்பு மாறும். வெட்டிப் போட்டுவிட்டு வந்துவிட்டால் நிலைமை முன்னைவிட மோசம்; நின்ற விறகு படுத்த விறகாகியிருக்கும், அவ்வளவுதான். கழிவைக் குவியலாகச் சேர்த்து, பெரிய மரங்களின் தழைக்கு நேர் கீழே வராதபடி தள்ளிவைத்து, மழையோ பனியோ விழுந்த பிறகு கொளுத்துகிறார்கள். குவியலை மரத்துக்கு அருகே வைத்து, ஒரு பக்கத் தழையைக் கருக்குவது அடிக்கடி நேரும் பிழை.

அதன் பிறகே திட்டமிட்ட தீ. சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, அல்லது சாலை, ஓடை ஆகியவற்றை எல்லையாகக் கொண்டு, பெரும்பாலும் சரிவின் மேல்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். கீழே மூட்டினால் தீ மேலே ஓடும்; மேலே மூட்டினால் மெதுவாக இறங்கும். டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெய் சொட்டும் கைப்பந்தத்தால், கீற்றுக் கீற்றாகத் தீயிட்டுக்கொண்டே கீழே வருகிறார்கள். முதலில் ஒரு மூலையில் சோதனைத் தீ. அது எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், விறகின் ஈரம் என எல்லாமே முன்கூட்டி எழுதிய வரம்புக்குள் இருக்க வேண்டும். அதோடு காற்றுத் தூய்மைத் துறையின் அனுமதியும் தேவை. தோப்புகளுக்குக் கீழே உள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கில் புகை தேங்கி நிற்கும். நாட்டிலேயே காற்று மிகக் கெட்ட பகுதிகளில் அது ஒன்று. எல்லாம் பொருந்தும் நாள்கள் ஒரு வருடத்தில் சிலவே. அந்த நாளில் ஆட்கள் வேறெங்கோ காட்டுத்தீயை அணைக்கப் போயிருந்தால் அந்த வருடம் கழிந்தது.

முறை புதியதல்ல. 1964-இலேயே ரெட்வுட் மவுன்டனில் ஆய்வுக்காகத் தீ வைத்தார்கள். 1968 முதல் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் வழக்கமான திட்டமாகவே நடக்கிறது. அளவுதான் போதவில்லை. 1980-களில் அடிமரங்கள் கருத்துக் கிடப்பதைப் பார்த்துப் பொதுமக்கள் எதிர்த்தார்கள். திட்டம் மறு ஆய்வுக்குப் போனது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருமுறை எரித்தால் போதாது. முதல் தீயில் செத்த சிறு மரங்கள் சில ஆண்டுகளில் விழுந்து புது விறகாகும்; அதை இரண்டாம் தீதான் தீர்க்கும்.

பலன் கண்கூடு. மாரிபோசாவில் 1970-களிலிருந்தே பலமுறை எரித்திருந்தார்கள். 2022 ஜூலையில் வாஷ்பர்ன் தீ தோப்பின் விளிம்புக்கு வந்தபோது தரையில் தீனி இல்லாமல் தணிந்தது. தெளிப்பான்கள் வைத்து ஈரமும் கூட்டினார்கள். பெயர் பெற்ற மரம் எதுவும் சாகவில்லை. 2021 செப்டம்பரில் ஷெர்மன் மரத்தின் அடியை அலுமினியத் தகட்டுத் துணியால் சுற்றிய படம் உலகமெங்கும் போனது. அந்தத் துணி அடிமரத்தின் பொந்துக்குள் தீப்பொறி புகாமல் தடுக்கும். அவ்வளவே அதன் வேலை. ஜயன்ட் ஃபாரஸ்ட்டில் பல பத்தாண்டுகளாக வைத்துவந்த தீதான் அன்று பெரிய காவலாக நின்றது என்பதைப் படம் காட்டவில்லை.

தீயைத் தவிர மனிதக் காலடியும் ஒரு சேதம். ஜயன்ட் ஃபாரஸ்ட்டுக்குள் ஒரு காலத்தில் விடுதி, கடை, கழிவுநீர்க் குழாய் எல்லாம் இருந்தன. மேல்வேர்களின் மேல் கட்டடமும் தாரும். 1990-களின் பிற்பகுதியில் 282 கட்டடங்களையும் 24 ஏக்கர் தார்த்தளத்தையும் அங்கிருந்து பெயர்த்தெடுத்தார்கள். மாரிபோசாவிலும் 2015 முதல் 2018 வரை தோப்பை மூடி, வாகன நிறுத்தத்தை வெளியே தள்ளி, ஈர நிலத்தின் மேல் மரப்பாலம் போட்டார்கள். பட்டை வண்டுகளும் வறட்சிக்குப் பிறகு சில பெரிய மரங்களைக் கொன்றிருக்கின்றன. முன்பு செக்கோயாவுக்கு நேராதது இது.

நடுவதா, விடுவதா

தொலைவிலுள்ள தோப்புகளின் கதை கடினமானது. போர்ட் கேம்ப் தோப்பு போன்றவை சாலை எட்டாத காட்டுக்குள் உள்ளன. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் அத்தகைய இடங்களில் இயந்திரக் கருவிக்குத் தடை உண்டு. விலக்குப் பெற வேண்டும். முன்னேற்பாடு எதுவும் இல்லாத அந்தத் தோப்பைக் காசில் தீ கடுமையாகத் தாக்கியது. 2021-இல் தோப்புகளை வைத்திருக்கும் துறைகளும் டூலி ஆற்றுப் பழங்குடியினரும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். 2022 ஜூலையில் வனத்துறை அவசர விதியைப் பயன்படுத்தி 12 தோப்புகளில் விறகு அகற்றும் வேலையை விரைவுபடுத்தியது. 2023-இல் பூங்காத் துறை, கடுமையாக எரிந்த தோப்புகளில் செக்கோயா கன்று நடவும் முடிவெடுத்தது.

வனாந்தரத்தில் மனிதன் நடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. செக்கோயா விதை காற்றில் போகும் தூரம் சில நூறு அடிதான். அந்தத் தூரத்துக்குள் உயிருள்ள காய்மரம் ஒன்று நின்றாலும், தீக்குப் பின் முளைத்த கன்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம். பல தோப்புகளில் சாம்பலுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் முளைத்திருக்கின்றன. அந்தத் தூரத்துக்குள் ஒரு மரமும் மிஞ்சாத சரிவில் நட்டாக வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நூறு ஆண்டு தீயை நிறுத்திவைத்ததும் மனிதக் கைதான். நட்ட கன்றுக்கு முதல் கோடைதான் கண்டம். ஆகஸ்டு வரை வேர் ஈரத்தைத் தொட்டபடி கீழே இறங்கியிருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், பட்டை தடித்துத் தீயைத் தாங்கப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை சுற்றியுள்ள சரிவில் விறகு சேராமல் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை யாராவது கைப்பந்தத்தோடு மேலே ஏறியாக வேண்டும்.